120 கிராம் கிளிப் முடியும் மாட வீதிச் சவுரியும்

20 அங்குலம், 120 கிராம், 7 துண்டு, நூறு சதவீதம் மனித முடி. நான் வாங்கிய கிளிப்-இன் ஹேர் எக்ஸ்டென்ஷன் (சொந்த முடியோடு கிளிப்பால் பூட்டிக்கொள்கிற முடி) டப்பாவின் மேல் போட்டிருந்த விவரம் இவ்வளவுதான். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை அங்குலம் என்று. நீங்கள் கிராமைக் கேளுங்கள். 120 கிராம் முடி 14 அங்குலத்தில் இருந்தால் தலை நிறைய இருப்பது போலத் தெரியும், அதே எடையை 24 அங்குலத்துக்கு நீட்டினால் நுனியில் எலிவால்தான் மிஞ்சும். அங்குலம் ஏற ஏற கிராமும் கூடவே ஏறுகிறதா என்று பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

இந்த கிளிப் முடிக்கு நான் கொடுத்தது 9,400 ரூபாய். அதே கல்யாண சீசனில் மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் ஒரு சின்னக் கடையில் 2,200 ரூபாய்க்கு ஒரு சவுரியும் (பின்னலோடு சேர்த்துப் பின்னுகிற முடிக் கற்றை) வாங்கினேன். இரண்டையும் வைகாசி வெயிலில், ஏசி வேலை செய்யாத மண்டபத்தில், முகூர்த்தம் ரிசப்ஷன் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முடியை விரித்து விடுவதாக இருந்தால் கிளிப் முடி வாங்கலாம், கொடுத்த காசுக்குக் குறைவில்லை. பின்னிப் பூ வைப்பதாக இருந்தால் அந்த 9,400 ரூபாயை அப்படியே பத்திரமாக வைத்துக்கொண்டு சவுரிக் கடைக்குப் போங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

எனக்கு இது தேவைப்பட்டதே பிரசவத்துக்குப் பிறகு முடி கொட்டியதால்தான். குழந்தை பிறந்து மூன்று நான்கு மாதத்தில் கொத்துக் கொத்தாகப் போகும், பயப்படாதீர்கள், தானாக வளரும் என்று டாக்டர் சொன்னார், வளரவும் செய்கிறது. ஆனால் முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், தங்கை கல்யாணம் அதுவரை காத்திருக்காது இல்லையா. நெற்றிப் பக்கம் புதிதாக முளைத்த குட்டை முடி, தோள் வரைக்கும் நிற்கிற பழைய முடி, இந்தத் தலையோடுதான் கடைக்குப் போனேன். இப்படி இருக்கிற பெண்கள் நிறையப் பேர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

தி.நகர் பக்கத்துக் கடை, பெயர் வேண்டாம். உள்ளே போனதும் அந்த அண்ணன் மேஜை மேல் மூன்று செட் எடுத்துப் போட்டார். மூன்றும் பளபளவென்று இருந்தன. அதிகம் பளபளத்ததைத்தான் முதலில் என் கையில் கொடுத்தார். இந்தப் பளபளப்பு விஷயத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். நம் முடி ஒவ்வொன்றின் மேலும் மீன் செதில் மாதிரி மிக நுண்ணிய செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். ஒரே முடியை வேரிலிருந்து நுனி வரை விரலால் உருவினால் வழுக்கும், திருப்பி நுனியிலிருந்து வேருக்கு உருவினால் லேசாகச் சொரசொரக்கும். ஒரு தலையிலிருந்து மொத்தமாக எடுத்த முடியை வேர்ப்பக்கம் வேரோடும் நுனி நுனியோடும் மாறாமல் கட்டி வைத்தால் எல்லாச் செதிலும் ஒரே திசையில் இருக்கும், சிக்காது. இதைத்தான் ரெமி முடி என்கிறார்கள். சீப்பிலும் குளியலறையிலும் உதிர்ந்ததைச் சேர்த்து எடுத்த முடியில் வேர் எது நுனி எது என்று தெரியாது, எதிரெதிர் செதில்கள் ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொண்டு சடைபிடிக்கும். அதைத் தவிர்க்க அமிலத்தில் போட்டுச் செதிலையே எடுத்துவிட்டு மேலே சிலிகோன் பூசி விற்கிறார்கள். புதிதில் பட்டு மாதிரி இருக்கும். சில தடவை அலசியதும் பூச்சு போய்விடும், அப்புறம் தேங்காய் நார்தான். ஆக, கடையில் கண்ணைப் பறிக்கிற பளபளப்பைப் பார்த்து மயங்காமல் விரலால் இரண்டு பக்கமும் உருவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் தடுத்தால் செதில் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கினால் எச்சரிக்கையாக இருங்கள்.

நான் அப்படி உருவிப் பார்த்ததும் அந்த அண்ணன் சிரித்துக்கொண்டே, "நீங்க விஷயம் தெரிஞ்சவங்கம்மா" என்று சொல்லி உள்ளே போய் நான்காவதாக ஒரு செட் கொண்டு வந்தார். அதுதான் நான் வாங்கியது. பளபளப்பு கொஞ்சம் மட்டு, நுனி சற்று மெலிந்திருந்தது. நுனி மெலிவதைக் குறையாக நினைக்க வேண்டாம், ஒரே தலையில் எடுத்த முடியில் நீளம் குட்டை கலந்துதான் இருக்கும், இதை சிங்கிள் டிரான் என்பார்கள். குட்டையை எல்லாம் கையால் பொறுக்கி எடுத்துவிட்டு மேலிருந்து கீழ் வரை ஒரே கனத்தில் கட்டுவது டபுள் டிரான், அதற்குக் கூலி அதிகம், விலையும் அதிகம். நம் முடியோடு கலந்து நிற்க சிங்கிள் டிரானே இயல்பாக இருக்கிறது என்பது என் கருத்து.

மனித முடிதானா என்ற சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு இழையைக் கேட்டு வாங்கி வெளியே போய்த் தீக்குச்சியில் காட்டுங்கள். மனித முடி சுருண்டு பொசுங்கி, முடி கருகும் அந்த நாற்றம் வரும், விரலில் தேய்த்தால் பொடியாகும். செயற்கை இழை உருகி நுனியில் கெட்டியான மணி மாதிரி உருளும், பிளாஸ்டிக் நாற்றம் வரும். நேர்மையான கடைக்காரர் இழை கொடுக்க யோசிக்கவே மாட்டார்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. டப்பாக்களில் 1 என்று போட்டிருப்பது மை போன்ற கறுப்பு, 1பி என்று போட்டிருப்பது இயல்பான கறுப்பு. நம் ஊரில் சாயம் போடாத முடி பெரும்பாலும் 1பி பக்கம்தான் வரும், வெயிலில் நின்றால் லேசான பழுப்பு தெரியும். 1 வாங்கிக் கோத்தால் ஃபோட்டோவில் மேலே ஒரு நிறம் கீழே ஒரு நிறம் தெரியும். கடை டியூப் லைட்டை நம்பாதீர்கள், வாசலுக்கு எடுத்துப் போய் உங்கள் முடியின் நுனியோடு வைத்துப் பாருங்கள், உச்சியோடு வேண்டாம். சேரப்போவது நுனிதானே.

சரி, வைப்பது எப்படி இருந்தது? ஏழு துண்டில் பெரியதற்கு நான்கு கிளிப், சின்னதற்கு ஒன்று. கிளிப் எல்லாம் நாம் சின்ன வயதில் போட்ட டிக்-டாக் கிளிப் மாதிரிதான், உள்ளே சீப்புப் பல்லும் ஒரு சிலிகோன் பட்டையும் கூடுதல். பின்கழுத்து மயிர்க்கோட்டிலிருந்து இரண்டு விரல் மேலே முதல் வகிடு எடுத்து, மேல் முடியைத் தூக்கிக் கட்டிவிட்டு, அந்த வகிட்டின் வேரில் சீப்பால் பின்பக்கமாகக் கொஞ்சம் சிலுப்பிவிட்டு கிளிப்பைப் பூட்ட வேண்டும். சிலுப்பாமல் பூட்டினால் எண்ணெய் வைத்துப் பழகிய தலையில் கிளிப் நழுவிக்கொண்டே வரும். காதுக்குக் காது வரும் அகலத்தில் நான்கு கிளிப் துண்டு, அதற்கு மேல் மூன்று கிளிப், பக்கவாட்டில் சின்னது. உச்சி வகிட்டிலிருந்து மூன்று விரலாவது உங்கள் சொந்த முடி மேலே விழ வேண்டும், இல்லையென்றால் தைத்த பட்டை வெளியே தெரிந்துவிடும். பிரசவத்துக்குப் பிறகு நெற்றி ஓரம் மெலிந்தவர்கள் பக்கவாட்டுத் துண்டுகளைப் பூட்டவே வேண்டாம், அந்த இடத்து முடிக்கு இழுப்பைத் தாங்கும் பலம் இருக்காது.

ரிசப்ஷனுக்கு விரித்து விட்டு, நுனியை மட்டும் லேசாகச் சுருட்டியிருந்தேன். உண்மையாகவே அழகாக இருந்தது. என் முடி எங்கே முடிந்து வாங்கிய முடி எங்கே தொடங்குகிறது என்று பக்கத்தில் நின்ற அத்தைக்கே தெரியவில்லை, கையால் தொட்டுப் பார்த்து, "மாத்திரை ஏதாவது சாப்பிடறியாடி?" என்று கேட்டார். அயர்ன் சூட்டை 180 டிகிரிக்குக் கீழே வைத்திருந்தேன். இந்த முடிக்கு மண்டையிலிருந்து எண்ணெய்ப்பசை வராது, அதனால் கருகியது கருகியதுதான், நம் முடி மாதிரி வெட்டிவிட்டு வளர்க்கவும் முடியாது. இரவு பத்து மணி வாக்கில் பின்மண்டையில் ஒரு கனம் தெரிந்தது, பெரிய துண்டைக் கழற்றியதும் அப்பாடா என்று இருந்தது. அதுவரை ஒன்றும் நழுவவில்லை. மேடையில் நின்று, குனிந்து, கட்டிப்பிடித்து, குழந்தையைத் தூக்கி, எல்லாம் செய்தும் அப்படியே நின்றது. விரித்த முடிக்கு இதற்குப் பத்துக்கு ஒன்பது தருவேன்.

மறுநாள் முகூர்த்தத்துக்குப் பின்னல். இங்கேதான் கிளிப் முடி காலை வாரியது. முடியை மூன்று காலாகப் பிரித்ததும் ஒவ்வொரு துண்டும் அது அது பூட்டிய இடத்திலிருந்து வேறு வேறு திசையில் இழுக்கிறது, இறுக்கிப் பின்னினால் கிளிப் மண்டையில் குத்துகிறது, தளர்த்திப் பின்னினால் மேலே கிளிப் புடைத்துக்கொண்டு தெரிகிறது. அதிகாலை நான்கு மணிக்கு மேக்கப் போட வந்த அக்கா அனுபவசாலி, இரண்டு தடவை பின்னிப் பார்த்துவிட்டு, "இது சரிப்படாது, சவுரி இருந்தா எடும்மா" என்றார். இருந்தது.

சவுரியை இந்தத் தலைமுறையில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று கற்றை முடி, மேலே ஒரு கயிற்றுக் கண்ணியில் சேர்த்துக் கட்டியிருக்கும், அவ்வளவுதான். நம் முடியை மூன்றாகப் பிரித்து இரண்டு மூன்று சுற்று பின்னியதும், அந்தக் கண்ணியின் முடிச்சைப் பின்னலுக்கு உள்பக்கமாக வைத்து, சவுரியின் ஒவ்வொரு கற்றையையும் நம் ஒவ்வொரு காலோடு சேர்த்துக்கொண்டு கீழே பின்னிக்கொண்டே போக வேண்டும். முடிச்சை ஒரு கொண்டை ஊசியால் பிடித்து, அதன் மேல் ராக்கொடியோ பூவோ வைத்தால் தொடக்கமே தெரியாது. நுனியில் குஞ்சலம். கிளிப் எங்கும் இல்லை, மண்டையில் எதுவும் குத்துவதில்லை, பின்னல் இறுக இறுக சவுரி இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் காலங்காலமாக இதை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஆடுகிறார்கள், அவர்கள் தலையில் நிற்கிறது என்றால் மணமேடையில் உட்கார்ந்திருக்கிற தலையில் நிற்காதா? அந்தச் சவுரிக் கடையே நாட்டிய நகை, சலங்கை, தலைச்சாமான் எல்லாம் விற்கிற கடைதான்.

அந்தக் கடை அம்மாளிடம் நான் ரெமியா என்று கேட்டேன். "உதிர்ந்த முடியில கட்டினதும்மா, ஆனா மனுஷ முடி" என்று ஒளிக்காமல் சொன்னார். எனக்கு அந்த நேர்மை பிடித்தது. யோசித்துப் பார்த்தால் பின்னலுக்கு அதுவே போதும். விரித்த முடி காற்றில் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டே இருக்கும், அங்கே செதில் திசை மாறினால் சிக்கு. பின்னலுக்குள் கட்டுண்ட முடிக்கு உரச இடம் ஏது? கிளிப் முடியில் நாம் அதிகமாகக் கொடுக்கிற ஏழாயிரம் சொச்சமும் அந்தச் செதில் வரிசைக்காகத்தான், பின்னல் போடுகிறவருக்கு அது தேவையே இல்லாத செலவு. இரண்டு சவுரிகளுக்கும் ஒரே விலை சொன்னால் எடை அதிகமுள்ளதை எடுங்கள், மேல் கண்ணியில் நூல் இறுக்கமாகச் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள், லேசாக இழுத்தால் கையோடு நாலைந்து முடி வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். என் சவுரியில் எனக்கு ஒரே குறை, நுனிப்பக்கம் சாயம். முதல் தடவை அலசியபோது தண்ணீர் சாம்பல் நிறத்தில் வந்தது. வெளிர்நிறப் பட்டு ரவிக்கை போடுகிறவர்கள் முதலில் வீட்டில் அலசி நிழலில் காயவைத்துவிட்டுத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

நைலான் சவுரி, செயற்கை கிளிப் முடி எல்லாம் 300, 500 ரூபாய்க்கே கிடைக்கின்றன. பள்ளி ஆண்டு விழாவுக்குப் போதும். ஒன்று மட்டும் கவனம்: சாதாரண செயற்கை இழையில் அயர்ன் வைக்கவே கூடாது, உருகி ஒட்டிக்கொள்ளும். ஆரத்தித் தட்டு, குத்துவிளக்கு, ஹோமம் என்று நெருப்போடு புழங்குகிற சடங்குகளில் சின்னப் பெண்களுக்கு நைலான் சடை தொங்கவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அலசுவது பற்றிக் கடைகளில் கொடுக்கும் தாளில் எங்கிருந்தோ எடுத்த வாசகம் இருக்கும், நம் ஊர்த் தண்ணீரைப் பற்றி ஒரு வரி இருக்காது. எங்கள் ஃபிளாட்டில் போர் தண்ணீர், பக்கெட் ஓரத்தில் வெள்ளை உப்புப் படிகிற அளவுக்குக் கடினம். அதில் அலசினால் எந்த முடியும் விறைத்துக்கொள்ளும். ஷாம்புவை ஒரு மக்கு தண்ணீரில் கரைத்து, மேலிருந்து கீழாக மட்டும் வழித்துக் கழுவி, கண்டிஷனரை நடுவிலிருந்து நுனி வரை தடவி, கடைசி அலசலை மட்டும் ஃபில்டர் தண்ணீரில் செய்தேன், வித்தியாசம் கையில் தெரிந்தது. முறுக்கிப் பிழியக் கூடாது, துண்டில் சுற்றி ஒற்ற வேண்டும். காய்ந்ததும் அகலப்பல் சீப்பால் நுனியில் தொடங்கி மேலே போக வேண்டும். அப்புறம் உள்ளங்கையில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தேய்த்து நுனியில் மட்டும் தடவி வைத்தால் போதும். கல்யாணம் காட்சி என்று எப்போதாவது வைக்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் அலச வேண்டியதே இல்லை, வியர்வையும் ஸ்பிரேயும் ஏறியிருந்தால் மட்டும் அலசினால் போதும். வாங்கிய டப்பாவில் வலை போட்டுப் படுக்கவைத்து மூடினேன், சவுரியைத் தளர்வாகப் பின்னிப் பழைய பருத்தித் துணியில் சுற்றினேன்.

இனி வாசனை. இதை ஏன் முடியோடு சேர்த்து எழுதுகிறேன் என்றால், வாங்கிய முடியைக் கெடுப்பதில் அயர்னுக்கு அடுத்த இடம் பெர்ஃப்யூமுக்குத்தான். மண்டபத்தில் சாப்பாட்டு வாசனை, ஹோமப் புகை, வியர்வை எல்லாவற்றையும் முடி இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் கிளம்பும்போது நாலு தடவை சடசடவென்று அடித்துக்கொள்கிறோம். பாட்டில் பெர்ஃப்யூமில் பெரும்பகுதி ஆல்கஹால். சொந்த முடிக்காவது மண்டையிலிருந்து எண்ணெய்ப்பசை வந்து சரிக்கட்டும், எக்ஸ்டென்ஷனுக்கு அந்த வழி கிடையாது, உலர்ந்து வெடித்துப் போகும். காதுக்குப் பின்னால், மணிக்கட்டில், ரவிக்கைத் துணியின் உள்பக்கம் அடித்துக்கொள்ளுங்கள், முடியில் வேண்டாம்.

முடியிலேயே மணம் வேண்டும் என்றால் அத்தர் நல்ல வழி. உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜ் பக்கத்து முறையில் வடித்த அத்தரில் ஆல்கஹால் இல்லை, பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். அசல் சந்தனம் விலை ஏறியதால் இப்போது பல கடைகளில் வேறு எண்ணெய் அடிப்படையில்தான் கிடைக்கிறது, ஆனாலும் எண்ணெய் எண்ணெய்தான், முடியை உலர்த்தாது. நான் வாங்கியது 3 மில்லி மல்லி அத்தர், 250 ரூபாய். ஒரு சொட்டை இரண்டு விரலில் தேய்த்து, பின்னலின் நுனியிலிருந்து ஒரு சாண் வரைக்கும் உருவிவிட்டேன். முகூர்த்தம் முடிந்து சாப்பிட்டு வந்து உட்கார்ந்தபோதும் குஞ்சலத்தைக் கையில் எடுத்தால் மணம் வந்தது. கடையில் கையில் தடவிக் காட்டும்போது உடனே வாங்காதீர்கள், பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்து முகருங்கள், மேலாக வருகிற கூர்மை போனபிறகு மிஞ்சுவதுதான் நாள் முழுக்க உங்கள் கூட வரப்போகிறது.

ஜவ்வாது எனக்கு மிகவும் பிடித்தது, பாட்டி வீட்டுப் பீரோவைத் திறந்தால் வருகிற வாசனை அது. ஆனால் பொடியாக இருப்பதால் கறுப்பு முடியில் திட்டாகத் தெரியும், அதைக் கழுத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாம்பிராணிப் புகை காட்டலாமா என்று தங்கை கேட்டாள். மனித முடிச் சவுரிக்குத் தாராளமாகக் காட்டலாம், தணலுக்கு ஒரு முழம் மேலே, கையில் பிடித்தபடி. நான் செய்து பார்த்தேன், அந்த வாசனை நாலு நாள் கழித்தும் துணிச்சுருளைப் பிரித்தபோது இருந்தது. செயற்கை முடியைத் தணல் பக்கமே கொண்டு போகாதீர்கள். பூவைப் பொறுத்தவரை, மல்லியை மொட்டாகவே வாங்கி மாலையில் வைத்துக்கொண்டால் இரவில் விரியும்போதுதான் அதன் முழு மணமும் வரும், ரிசப்ஷனுக்கு அதைவிட நல்ல பெர்ஃப்யூம் எனக்குத் தெரியவில்லை. பூக்காரம்மா தண்ணீர் தெளித்துக் கொடுத்த ஈரத்தோடு வைக்காமல் துணியில் ஒற்றி எடுத்துவிட்டு வைத்தால் சவுரிச் சாயம் ரவிக்கையில் இறங்காது.

பார்லரில் நிரந்தரமாக ஒட்டித் தருகிற வகைகளைப் பற்றி என் சித்தி மகள் அனுபவத்தைத்தான் சொல்ல முடியும். டேப் வைத்து ஒட்டுகிற எக்ஸ்டென்ஷனை ஒரு பார்லரில் பெரிய தொகை கொடுத்துப் போட்டுக்கொண்டாள். அவர்கள் அவளிடம் எண்ணெய் வைப்பாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவள். டேப்பின் பசை எண்ணெயில் இளகிவிடும், இது அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒரு மாதத்துக்குள் துண்டு துண்டாக நழுவி வந்தது, திரும்பப் போய்க் கேட்டால் நீங்கள் எண்ணெய் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். வாங்குமுன் சொல்லியிருக்க வேண்டியதை வாங்கியபின் சொல்வது எந்த ஊர் நியாயம்? எண்ணெய்க் குளியலை விடாதவர்களுக்கு டேப் ஒத்துவராது, இதை இங்கேயாவது படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். கெரட்டின் பசையை உருக்கி ஒட்டுவது, குட்டி வளையத்தில் கோப்பது எல்லாமே வாரக்கணக்கில் வேரை இழுத்துக்கொண்டே இருப்பவை. ஒரே இடத்தில் தொடர்ந்து இழுபட்டால் அங்கே முடி உதிரும், நாளாக நாளாக அது திரும்ப முளைக்காமலும் போகலாம், தோல் டாக்டர்கள் இதை எச்சரித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஏற்கனவே முடி கொட்டுகிறதே என்று மறைக்கப் போகிறவர்களுக்குத்தான் இது அதிக ஆபத்து. இரவில் கழற்றி வைக்கக்கூடியதை மட்டுமே வாங்குங்கள் என்று நான் அடித்துச் சொல்வேன்.

இந்த முடி யாருடையது என்பதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. திருப்பதி, பழனி, திருத்தணி, சமயபுரம் என்று நம் வீட்டுப் பெண்கள் பிள்ளைக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கொடுத்த முடி உலகம் முழுவதும் ரெமி என்ற பெயரில் போகிறது. நீளமான முடியைக் கட்டிவிட்டு மழிப்பதால் வேரும் நுனியும் கலையாமல் வருகிறது, அதனால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு. திருமலை தேவஸ்தானம் அதை நீளவாரியாகத் தரம் பிரித்து மின்னணு ஏலத்தில் விடுகிறது, ஆண்டுக்கு நூறு கோடியைத் தாண்டும் வருமானம். 2004-ல் ஜெருசலேமில் ஒரு மூத்த ரப்பி (யூத மதகுரு), கோயிலில் காணிக்கையாகக் கொடுத்த முடியில் செய்த விக்கைத் தங்கள் பெண்கள் அணியக் கூடாது என்று சொல்லிவிட, நியூயார்க்கின் புரூக்ளினில் விக்குகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள். அவ்வளவு தூரம் போகிற முடி.

உதிர்ந்த முடிக்கு இன்னொரு பாதை. "முடிக்குப் பாத்திரம்" என்று தெருவில் கூவி வாங்கிக்கொண்டு போகிறார்களே, அந்தச் சிக்கு உருண்டைகள் கர்நாடகத்தின் கொப்பள், மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் போன்ற இடங்களுக்குப் போகின்றன, அங்கே பெண்கள் உட்கார்ந்து ஊசி வைத்து ஒவ்வொரு இழையாகப் பிரிக்கிறார்கள். பிறகு பெரும்பாலும் சீனாவுக்கு. பதப்படுத்தாத முடி அப்படியே வெளியே போய்விட்டால் இங்கே இருப்பவர்களுக்கு வேலை போகும் என்ற குரல் எழுந்து 2022 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. நான் 9,400 கொடுத்த டப்பாவில் எந்த ஊர் முடி, யார் பிரித்தார்கள், யார் தைத்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. பட்டுப் புடவைக்கு எந்த ஊர் நெசவு என்று கேட்டு வாங்குகிறோம், தலையில் வைக்கிறதற்கும் கேட்கலாம். நாலு பேர் கேட்டால் கடைக்காரரும் மேலே கேட்பார்.

ஒரு தேடல் மட்டும் இன்னும் முடியவில்லை. அம்மாவுக்கு 63 வயது, சாயம் போட மாட்டேன் என்று பிடிவாதம், எனக்கும் அந்த நரை பிடித்திருக்கிறது. அவருக்கு நரை கலந்த சவுரி ஒன்று வேண்டும். தி.நகரில் கேட்டேன், பாரிமுனைப் பக்கம் விசாரித்தேன், எல்லோரும் கறுப்பைத்தான் நீட்டுகிறார்கள். உதிர்ந்த முடியில் நரை எவ்வளவோ வருகிறது, அதையும் சேர்த்துச் சாயத்தில் முக்கிவிடுகிறார்கள். மாட வீதி அம்மாள் மட்டும், "உங்க அம்மா தலையில உதிர்றதையே ஒரு பையில சேர்த்துக் கொண்டு வாம்மா, கட்டித் தர்றேன், ஆனா ஒரு வருஷமாவது ஆகும்" என்றார். கட்டுக்கூலி 600 ரூபாய். அம்மா குளியலறைக் கதவில் ஒரு துணிப்பையை மாட்டியிருக்கிறார். இதற்கிடையில் நரைச் சவுரி தயாராகவே வைத்து விற்கிற கடை மதுரையிலோ கும்பகோணத்திலோ எங்கே இருந்தாலும் சொல்லுங்கள், நானே நேரில் போய் வாங்கிக்கொள்கிறேன்.